குரங்குக்கு வைச்ச பென், காருக்குள்ள பாடின நாள்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலைதான். கிளிநொச்சி பஸ் ஸ்ராண்டுக்குக் காரைக் கொண்டுபோய், நெடுங்கேணியில இருந்து வாற ரெண்டு பேரை ஏத்தி, அக்கராயனில எங்கட வீட்டில கொண்டுவந்து இறக்கவேணும்.

கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை. நான் கண்ணைத் திறந்து வைச்சுக்கொண்டுதான் செய்தனான், ஆனாலும் பிழைச்சுது.

வாறது ஆரெண்டா, என்ர மச்சாள் சுகந்தியைப் பாக்க வாற மாப்பிளையின்ர தாயும் தேப்பனும். சுகந்தி என்ர மனிசியின்ர தங்கச்சி. தாய் தேப்பன் இல்லை, அக்காவும் அத்தானும்தான் அவளுக்கு எல்லாம். முந்திப் பேசி வந்த இடங்கள் குழம்பிப் போச்சு. இந்தப் பொடியனை அவளுக்கு நல்லாப் பிடிச்சிருந்தது. படத்தை ஒருதரம் பாத்திட்டுத் தந்திட்டாள், பிறகு "அத்தான், அந்தப் படத்தில அட்ரஸ் ஏதும் எழுதியிருக்கோ எண்டு பாப்பம்" எண்டு திருப்பி வாங்கினவள். படத்தில எங்கயப்பா அட்ரஸ்?

இது குழம்பக்கூடாது எண்டு என்ர மனிசி வசந்திக்கு ஒரு கிழமையா நித்திரை இல்லை. ஏனெண்டா புரோக்கர் அங்க ஒரு கதை சொல்லி வைச்சிருக்கிறார்.

"அந்த வீட்டுப் பொம்பிளையளின்ர குரல் வாசல் படலை தாண்டாது."

வசந்தி முன்பள்ளி ரீச்சர். சின்னப் பிள்ளையளோட கதைக்கேக்க புரோக்கர் சொன்னது முழு உண்மை. மற்ற நேரங்களைப் பற்றிப் புரோக்கரிட்ட ஆரும் கேக்கேல்லை.

இனி என்ர காரைப் பற்றிச் சொல்லவேணும். ஜப்பானில ஓடிக் களைச்சு, ஓய்வெடுக்க எண்டு இஞ்ச வந்த கார். பற்றறிக்கு உடம்பு சரியில்லை. நிப்பாட்டினா, திரும்ப ஸ்ராட் ஆகிறது அதின்ர மனசைப் பொறுத்தது. பாட்டுக் கேக்கிற செட்டில இருக்கிறது முழுக்க ஜப்பான் எழுத்து. திறப்பைப் போட்டதும் உள்ளுக்க இருந்து ஒரு ஜப்பான் பொம்பிளை மரியாதையா ஏதோ சொல்லுவா. இத்தனை வருசமா என்ன சொல்லுறா எண்டு தெரியாது. வணக்கம் எண்டுதான் நாங்கள் எடுத்துக்கொள்ளுறது.

செட்டை நிப்பாட்டுற பட்டன் உள்ளுக்க போயிட்டுது. சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழ் துலைஞ்சு போச்சு. பென் டிரைவ் கொழுவுற ஓட்டை தளர்ந்ததால, பென்னைச் செருகி, பக்கத்தில ஒரு ஈர்க்குத் துண்டை வைச்சு இறுக்கி விடுறனான். நல்ல இறுக்கம். அதில எனக்குப் பெருமையும் இருந்தது.

வசந்தி முதல் நாளே அம்மன் பாட்டு ஏத்தின சிவப்புப் பென் ஒண்டைத் தந்து, வீட்டுக்குள்ள வரமுந்தி அவையின்ர காதில அம்மன் பாட்டுத்தான் விழவேணும் எண்டு சொன்னவா. நல்ல யோசினை. பிரச்சினை என்னெண்டா, என்னட்ட அதே கடையில வாங்கின இன்னொரு சிவப்புப் பென் இருந்தது.

அது குரங்குப் பென்.

எங்கட கச்சான் கடலைத் தோட்டம் வீட்டில இருந்து தள்ளி, வாய்க்காலுக்கு அங்கால. வீட்டுக்கு வாற ரோட்டு அதைச் சுத்தித்தான் வரும். காய் முத்தத் தொடங்கினதில இருந்து குரங்குகள் குடும்பம் குடும்பமா வந்து செடியை இழுத்து விழுத்தித் திண்டுதுகள். நான் சோலரில வேலை செய்யிற ஸ்பீக்கர் பெட்டி ஒண்டை மரத்தில கட்டி, நாய் குலைக்கிற சத்தமும் சீனவெடிச் சத்தமும் போட்டன். கொஞ்ச நாள் பயந்துதுகள். பிறகு தலைவர் குரங்கு பெட்டிக்குப் பக்கத்தில குந்தியிருந்து பேன் பாக்கத் தொடங்கிட்டார்.

அப்பதான் ஒரு நாள் காலமை வசந்தி தோட்டத்துக்கு வந்தா. குரங்குகளைக் கண்டா. வாயைத் திறந்தா.

அதுக்குப் பிறகு கனநாளா ஒரு குரங்கும் அந்தப் பக்கம் தலை காட்டேல்லை. நான் அண்டைக்குத் தோட்டக் கிணத்துக்கட்டுக்குப் பின்னால நிண்டு முழுக்கப் போனில பதிஞ்சு, அதே பென்னில நாய்க்கும் வெடிக்கும் பிறகு ஏத்திப் போட்டன். அவவுக்குத் தெரியாது. அவ முன்பள்ளியில பிள்ளையளுக்கு மெதுவாக் கதைக்கச் சொல்லிக் குடுக்கிற நேரத்தில, தோட்டத்தில அவவின்ர குரல் குரங்கு கலைச்சுக்கொண்டிருக்கும். சனி ஞாயிறு அவ வீட்டில நிக்கிறதால பென்னைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டிடுவன். குரலுக்கும் லீவு.

ஆனா இந்த ஞாயிறு தோட்டத்தில ஒருத்தரும் இல்லை, கச்சானும் பிடுங்கிற பருவம். வசந்தி சேலை கட்டிக்கொண்டு நிக்க, நான் வெள்ளண ஓடிப்போய் பையில இருந்த ரெண்டு பென்னில ஒண்டைப் பெட்டியில செருகிப் போட்டு ஓடி வந்தனான். வெயில் ஏறினாத்தான் அந்தப் பெட்டி உயிர் பெறும். அதால என்ன பாடுது எண்டு நிண்டு கேக்கேல்லை. திரும்பி வரேக்க காருக்குள்ள அம்மன் பாட்டுப் போற சத்தத்தில வசந்திக்கு அது கேக்காது எண்டது என்ர கணக்கு. மற்றப் பென்னை, பஸ் ஸ்ராண்டில போய்க் காரை நிப்பாட்டின பிறகு கொழுவி, ஈர்க்கு வைச்சு இறுக்கினன்.

எந்தப் பென் எங்க போச்சு எண்டு உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்குத்தான் அப்ப விளங்கேல்லை.

பஸ் ஸ்ராண்டில ரெண்டு பேரும் இறங்கிச்சினம். ஐயா ஒல்லியான, மெல்லமாச் சிரிக்கிற மனிசன். அம்மா நிமிந்து நிக்கிற ஆள், கனக்கக் கதைக்கேல்லை. பின் சீட்டில ஏத்தினன். என்னோட வந்த வசந்தி முன்னால இருந்து, முன்பள்ளிக் குரலில பயணம் எப்பிடி, பஸ்ஸில இடம் கிடைச்சுதோ எண்டு விசாரிச்சா. அந்தக் குரலை முதல் முதல் கேக்கிறது போல நானும் திரும்பிப் பாத்தன்.

ஜப்பான் பொம்பிளை வணக்கம் சொன்னா. ஐயா பதிலுக்குக் கும்பிட்டார்.

அக்கராயன் ரோட்டுக்குத் திரும்பியும் பாட்டு வரேல்லை, புதுப் பென் எண்டா செட்டுக்குப் பிடிபட நேரம் எடுக்கும். இப்ப அம்மன் பாட்டு வரும் எண்டு பின்னுக்குச் சொல்லிக்கொண்டு போறன். வந்தது நாய். ஒண்டில்லை, அஞ்சாறு நாய். ஐயா காலைத் தூக்கி சீட்டில வைச்சார். வழியில நாய்கள் கூட எண்டு நான் சொன்னன். அம்மா கண்ணாடிக்கால பாத்தா. வெளியில ஒரு மாடுதான் நிண்டது.

பிறகு டமார் எண்டு ஒரு வெடி.

நான் ரயர் வெடிச்சுதெண்டு நினைச்சு ஓரங்கட்டி இறங்கிப் பாத்தன். நாலு ரயரும் நல்லா இருந்தது. ஏறிப் பாத்தா ஐயாவைக் காணேல்லை, சீட்டுக்குக் கீழ குனிஞ்சு இருக்கிறார். எங்கட ஆக்களுக்கு அது சண்டைக் காலத்தில பழகின குனிவு. அவரை எழுப்பி இருத்தேக்கதான் எனக்குள்ள ஏதோ உறைச்சுது. நாய், பிறகு வெடி. அப்ப மூண்டாவதா வரப்போறது…

வந்திட்டுது.

"கோதாரியில போனதுகளே! கொப்பரோ கொத்தினவர்? கொம்மாவோ தண்ணி கட்டினவா? வெக்கமில்லாமல் குடும்பத்தோட வந்து குந்தியிருந்து திண்டுட்டுப் போறியளோ?"

வசந்தி என்னைப் பாத்தா. அது தன்ர குரல்தான் எண்டு பிடிக்க அவவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிடிச்ச பிறகு முகத்தில ஒரு அசைவும் இல்லை. குரல் படலை தாண்டாத பொம்பிளை எப்பிடி இருக்கவேணுமோ அப்பிடியே மடியில கை வைச்சு இருந்தா. கண் மட்டும் என்னில இருந்தது.

நான் பென்னைப் பிடிச்சு இழுத்தன். சிவப்புக் கோது கையோட வந்திட்டுது. உள்ளுடல் அங்கயே நிண்டு பாடுது. என்ர ஈர்க்கு அவ்வளவு இறுக்கம். கண்ட கண்ட பட்டனை அமத்தினன். ஜப்பான் பொம்பிளை இடையில புகுந்து ஏதோ எச்சரிச்சா, வசந்தியின்ர குரல் முந்தினதைவிட ரெண்டு மடங்காக் கேட்டது.

"உந்த வாலை அறுத்து…"

நான் திறப்பைத் திருப்பிக் காரையே நிப்பாட்டிப் போட்டன்.

 ஐயாதான் முதல்ல கதைச்சார். இது ஆர் கதைக்கிறது எண்டு கேட்டார். றேடியோ நாடகம் எண்டன். ஐயா தலையாட்டி, அந்தப் பிள்ளை உணர்ச்சியா நடிக்கிறா எண்டார். வசந்தி நன்றி சொல்லேல்லை.

இனிக் கார் ஸ்ராட் ஆகவேணும். ஆகேல்லை. பற்றறிக்கு மனசில்லை. கடைசியில, பொம்பிளை பாக்க வந்த ஐயாவும் அம்மாவும், பட்டுச்சேலையோட வசந்தியும் பின்னால நிண்டு தள்ள, நான் மட்டும் உள்ளுக்க ராசா மாதிரி ஸ்ரேறிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். வாழ்க்கையில நான் அவ்வளவு வெக்கப்பட்டதில்லை. என்ஜின் பிடிச்சுது. செட்டும் பிடிச்சுது. விட்ட இடத்திலயே தொடங்கிச்சுது.

"…விளக்குமாறு கட்டுறனோ இல்லையோ பார்!"

ஓடி வந்து ஏறின மூண்டு பேருக்கும் மூச்சு வாங்குது. நாடகம் இன்னும் முடியேல்லைப் போல எண்டார் ஐயா. நானும் ஓமெண்டன். அதோட விட்டிருந்தா நாடகமாவே போயிருக்கும். ஆனா அந்தப் பதிவின்ர கடைசியில ஒரு துண்டு இருக்கு. அதை நான் வெட்டாமல் விட்டனான், ஏனெண்டா குரங்குகள் ஆகலும் பயந்தது அந்தத் துண்டுக்குத்தான்.

"சுகந்தீ! இஞ்ச வந்து பாரடி! கொத்தான் குரங்குக்குப் பயந்து கிணத்துக்குப் பின்னால ஒளிச்சு நிக்கிறார்! இந்த மனிசனை வைச்சுக்கொண்டு நான் என்னெண்டு கச்சான் விளைவிக்கிறது?"

சுகந்தி எண்டது பொம்பிளையின்ர பேர். கொத்தான் எண்டா உன்ர அத்தான், அது நான். ஐயா என்னைப் பாத்தார், வசந்தியைப் பாத்தார், பிறகு கண்ணாடிக்கால வெளியில பாத்தார். அம்மா தலையை ஒரு பக்கம் சரிச்சு, வடிவாக் கேட்டுக்கொண்டு வந்தவா. அது கோவம் எண்டுதான் நான் நினைச்சன். சுகந்தி வீட்டில பயித்தம் பணியாரம் சுட்டு, தலைக்குப் பூ வைச்சுக் காத்துக்கொண்டு நிப்பாள் எண்டது எனக்கு ஞாபகம் வந்துது. எல்லாம் ஒரு ஈர்க்குத் துண்டால.

வாய்க்கால் வளைவில திரும்பினம். தோட்டப் பக்கம் இருந்து அம்மன் பாட்டு வருது. நாதஸ்வரம் மேளத்தோட நல்ல பக்தியா வருது.

தோட்டம் முழுக்கக் குரங்கு. இவ்வளவு குரங்கு அக்கராயனில இருக்கெண்டு எனக்குத் தெரியாது. குட்டியளை மடியில வைச்சுக்கொண்டு, வரிசையாக் குந்தியிருந்து, கச்சான் உடைச்சுத் தின்னுதுகள். கோயில் அன்னதானம் மாதிரி ஒழுங்கா நடக்குது. தலைவர் ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல இருந்து எல்லாத்தையும் மேற்பார்வை செய்யிறார்.

நான் காரை நிப்பாட்டினன். ஹோன் அடிச்சன். தலைவர் திரும்பிப் பாத்திட்டு மற்றக் கோதை உடைச்சார்.

வசந்தி தோட்டத்தைப் பாத்தா. பின்னால திரும்பி அம்மாவைப் பாத்தா. தங்கச்சியின்ர கலியாணம் ஒரு பக்கம், இந்தப் போக விளைச்சல் ஒரு பக்கம். சேலைத் தலைப்பைப் பிடிச்சுக் கசக்கினா. தங்கச்சிக்காக எண்டு அவ அடக்கின அடக்கம், பாக்க எனக்கே பாவமாப் போச்சு.

அப்ப ஒரு குட்டிக் குரங்கு எங்களைப் பாத்துக் கோதை எறிஞ்சுது. அது வந்து கார்க் கண்ணாடியில பட்டுது.

வசந்தி கதவைத் திறந்தா. சேலையைத் தூக்கிச் செருகினா. வரம்பில ஏறி நிண்டா.

அதுக்குப் பிறகு நடந்ததைப் பதிவு செய்யாமல் விட்டது என்ர வாழ்க்கையில பெரிய நட்டம். பென்னில இருந்தது ஒத்திகை. இதுதான் கச்சேரி. தலைவர் பெட்டியில இருந்து விழுந்தே போனார். குட்டியளை இழுத்துக்கொண்டு எல்லாம் பாலை மரத்தில பாஞ்சு, அங்க இருந்து அடுத்த மரத்துக்குப் பாஞ்சு, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிட்டுதுகள். பக்கத்துத் தோட்டத்தில மேஞ்ச மாடும் வீட்டுக்குப் போயிட்டுது. வெளியில இறங்கி நிண்ட ஐயா திரும்பக் காருக்குள்ள ஏறிக் கதவைச் சாத்தினார். நான் ஏறேல்லை, ஆனா ஏற விருப்பமாத்தான் இருந்தது.

பிறகு தோட்டத்தில அம்மன் பாட்டு மட்டும் கேட்டுது.

வசந்தி வரம்பிலயே நிண்டா. தோள் ரெண்டும் தொங்கிப் போச்சு. தங்கச்சியின்ர வாழ்க்கையைத் தானே கெடுத்துப்போட்டன் எண்டு முகத்தில எழுதியிருந்தது.

அம்மா மெல்ல இறங்கி, வரம்பால நடந்து அவவுக்குக் கிட்டப் போனவா. நான் ரெண்டடி பின்னால போனன், கெஞ்சுறதுக்கு வசனம் தேடிக்கொண்டு. அம்மா குரங்குகள் போன திசையைக் கையை நெத்தியில வைச்சுப் பாத்தவா. கனநேரம் பாத்தவா.

"பிள்ளை," எண்டவா, "தங்கச்சிக்கும் இந்தக் குரல் இருக்கோ?"

வசந்தி முன்பள்ளிக் குரலுக்கு இறங்கினா. "அவளுக்கு என்னைவிடக் கொஞ்சம் கூட அம்மா."

அம்மா ஒரு பெருமூச்சு விட்டவா. நெடுங்கேணியில அவையின்ர வளவு காட்டோரமாம். தென்னையில குரும்பை மிஞ்சுறேல்லை, பப்பாசி பழுக்கிறேல்லை, கச்சான் போட்டு எத்தனையோ வருசமாம். வீட்டில எல்லாரும் மெல்லமாக் கதைக்கிற ஆக்கள், இவர் குரங்கு வந்தா விலத்தி வழி விடுற மனிசன், மகனும் தேப்பனைப் போல எண்டு சொன்னவா. அமைதியான பொம்பிளை எண்டு புரோக்கர் சொன்னதும், இதுவும் உதவாத சம்பந்தம் எண்டு யோசிச்சுக்கொண்டுதான் பஸ் ஏறினவாவாம்.

அண்டைக்கே நாள் குறிக்கச் சொல்லிப் போட்டினம். சுகந்தி தேத்தண்ணி கொண்டுவரேக்க அம்மா அவளிட்ட ஒண்டும் கேக்கேல்லை, வீட்டுப் பின்கோடியில நிண்ட காகத்தை ஒருக்காக் கலைச்சுக் காட்டச் சொன்னவா, அவ்வளவுதான். போகேக்க குரங்குப் பென்னில ஒரு கொப்பியும் கேட்டு வாங்கிக்கொண்டு போனவா. காரில இறுகி நிண்ட பென்னைக் குறட்டால பிடுங்கி எடுத்தது நான்.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஒண்டைத் தவிர. அண்டையில இருந்து வசந்தி என்னோட கதைக்கிறேல்லை. சாப்பாட்டுக் கோப்பையை மேசையில வைக்கிற சத்தம்தான் கேக்கும். ஏசினாக்கூடப் பரவாயில்லை எண்டு இருக்கு, ஆனா ஏசுறாவும் இல்லை.

அதால பின்னேரத்தில வாய்க்காலுக்கு அங்கால போய், பெட்டிக்குக் கீழ குந்தியிருந்து மனிசியின்ர குரலைக் கேக்கிறன். குரங்கு ஒண்டும் வாறேல்லை, நான் ஒராள்தான்.