எல்லாரும் இறந்துபோன கோடை

முதுவேனில் தன் முழுச் சினத்தோடு அத்தீவின்மேல் இறங்கியிருந்தது. வெண்சுவர்கள் வெயிலை உண்டு வெயிலையே உமிழ்ந்தன. ஒலிவமரங்களில் சில்வண்டுகள் முடிவற்ற ஒரு மன்றாட்டை ஓதின. கடலும் அசைய மனமின்றிக் கிடந்தது. தேவமாதாவின் விழாவுக்கு முந்தைய நோன்புக் காலம். உயிர்கள் யாவும் அடங்கி ஒடுங்கி இரங்கும் பருவம்.

பந்தெலிஸும் இரங்கிக்கொண்டுதான் இருந்தார். அவர் மடியில் ஒரு நூலகப் புத்தகம் கிடந்தது. முதற்பக்கத்தைத் தாண்டுமுன் உறங்கிவிடுகிற பிறவி அவர்.

ஊர் நூலகத்தின் கோடை வாசிப்புப் போட்டியில் அவரைச் சேர்த்துவிட்டவள் மனைவி எவந்தியா. சுங்க அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றது முதல் அவர் தம் பகடைப் பலகையோடு காபிக்கடையே கதியென்று கிடந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"விழாவுக்குள்ள உன் படகு கரை சேரணும். இல்லேன்னா அந்தப் பகடைப் பலகைய அடுப்புல வைப்பேன்."

சொன்னதைச் செய்கிறவள்.

படகு என்பது நூலகச் சுவரில் ஒட்டிய காகிதப் படகு. ஒவ்வொரு வாசகருக்கும் ஒன்று. புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர் கதையின் முடிவைச் சொன்னால், நூலகர் கலிரோயி அவர் படகைத் துறைமுகம் நோக்கி ஒரு சாண் நகர்த்துவாள்.

"எப்படி முடிஞ்சது, பந்தெலிஸ் ஐயா?"

அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "எல்லாரும் செத்துப்போயிடறாங்க."

கலிரோயி கண் கலங்கினாள். படகு நகர்ந்தது.

அடுத்த புத்தகத்திலும் எல்லாரும் இறந்தார்கள். அதற்கடுத்ததிலும். ஒருமுறை, எல்லாரும் கல்யாணம் பண்ணிக்கொண்டதாகச் சொல்லிப் பார்த்தார்.

"யாரு யாரை?" என்றாள் கலிரோயி.

மீண்டும் எல்லாரையும் கொன்றார்.

அவர் மனம் தேறட்டும் என்று அவளே ஒரு புத்தகத்தைத் தேர்ந்து கொடுத்தாள். அவர் அட்டையையும் பாராமல் திருப்பித் தந்தார்.

"எல்லாரும் செத்துப்போயிடறாங்க."

"ஐயா, இது தேனீ வளர்ப்பு."

"தேனீயும்தாம்மா."

பந்தெலிஸுக்கு வாழ்வே வெறுத்துவிட்டது என்ற செய்தி அன்றைக்கே ஊரெங்கும் பரவியது. அண்டைவீட்டார் திராட்சை இலையில் சுருட்டிய சோற்றோடு ஆறுதல் சொல்ல வந்தார்கள். காபிக்கடையில் அவரோடு பகடை ஆட ஒருவரும் துணியவில்லை.

"தோத்தா மனுஷன் தாங்கமாட்டார்" என்றார் கடைக்காரர்.

"ஜெயிச்சாலும் அழுவாருய்யா" என்றார் மற்றொருவர்.

ஆட ஆளில்லாத பலகையைக் காப்பாற்ற அவர் மேலும் பலரைக் கொன்றார். படகு எல்லாரையும் முந்தித் துறைமுகம் புகுந்தது. அதன் வாலைப் பிடித்தாற்போல் வந்தது பங்குச் சாமியார் அந்திமோஸின் படகு.

எவந்தியா பூரித்துப்போனாள். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நீ படிச்சதப் பத்தி ஊருக்கு முன்னால பேசணுமாம். நான் சரின்னுட்டேன். எங்க அண்ணனும் அண்ணியும் வர்றாங்க. உன் புருஷனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமான்னு இத்தனை வருஷமாக் கேட்டவங்க, வந்து கேக்கட்டும்."

அவருக்கு உலகம் இருண்டது. பலகை எரிந்தால் எரியட்டும். ஊர்முன்னே அவள் தலைகுனிவதை எங்ஙனம் காண்பது?

அந்தியில், ஆளற்ற கோயிலுக்குப் போனார். மெழுகுத்திரி ஒன்றை ஏற்றி மணலில் நட்டு, மாதாவின் திருவுருவத்தை முத்தமிட்டார். பின்னால் அங்கி உரசும் ஓசை கேட்டது. அந்திமோஸ் சாமியார் நின்றிருந்தார்.

"சாமி, நான் ஒரு புத்தகங்கூடப் படிக்கல."

 சாமியார் தாமும் ஒரு திரியை எடுத்து, அவருடைய சுடரில் பற்றவைத்து, அருகே நட்டார். பிறகு அவர் தலைமேல் கைவைத்தார்.

"நீ திருப்பிக் குடுத்ததையெல்லாம் உனக்கப்புறம் எடுத்தது நான்தான், பந்தெலிஸ். எல்லாரும் பொழச்சுக்கிட்டாங்கன்னு சொன்னேன். அதுக்கும் கலிரோயி கண்ணைத் துடைச்சுக்கிட்டே படகை நகர்த்தினா. நாளைக்கு நீ தைரியமா எல்லாரையும் சாகடி, பின்னாலயே வந்து நான் எழுப்பிவிடறேன். மாதா உன்னை ஆசீர்வதிக்கட்டும்."