குறட்டைக்காரரோடு குடித்தனம்

மெத்தைக் கடைக்காரர் அன்று காலை ஒரு சபதம் போட்டார். மழைக்காலம் முடிவதற்குள் கடைக்குக் கூட்டம் வரவில்லையென்றால் கதவை இழுத்துச் சாத்திவிட்டு மைத்துனரிடம் வேலைக்குப் போய்விடுவாராம்.

"என் தம்பி என்னங்க பாவம் பண்ணான்?" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர்காரர் வழி சொன்னார். புதிதாக இணையதளம் தொடங்கினால், தேடுகிறவர்கள் கண்ணில் படுவதற்குள் தலை நரைத்துவிடும். ஏற்கெனவே பேர் வாங்கிய பழைய தளத்தை, முகவரியோடு வாங்கிவிட வேண்டும். வயசான முகவரிக்குத் தேடலில் மரியாதை அதிகம். வயசுக்கு மரியாதை கிடைக்கும் இடம் உலகத்தில் ஒன்றாவது மிச்சமிருக்கிறதே என்று கடைக்காரர் மலைத்துப்போனார்.

தரகர் ஒருவர் மூலம் அப்படி ஒன்று அகப்பட்டது. 'குறட்டைக்காரரோடு குடித்தனம்' என்று பெயர். பேர் சொல்லாத ஒரு பெண்மணி பன்னிரண்டு வருஷமாக எழுதியது. தூக்கம் வரவில்லை என்று எந்த மூலையில் யார் தேடினாலும் முதலில் வந்து நிற்பது அதுதான். கடைக்காரர் வாங்கிய கையோடு மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"இதைக் கேளேன். 'அவர் குறட்டைக்கு மூணு கியர். முதல்ல மாவு மில். அப்புறம் மேடேறுற லாரி. விடியறப்ப குக்கர் விசில்.' என்ன எழுத்துடி இது! ஒரு நாள் மேஜை மேல இருந்த தம்ளர் நடந்தே போய்க் கீழ குதிச்சுதாம்."

"அலமாரி மேல."

"ஆமாம், அலமாரின்னுதான் போட்டிருக்கு" என்று திருத்திக்கொண்டு அவர் மேலே படித்தார். கண்ணில் நீர் முட்டியது. "பாவம், எந்தப் புண்ணியவதியோ. நல்லவேளை, உனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்ல."

மனைவி தட்டை அழுத்தித் தேய்த்துக் கழுவினாள்.

கடைக்காரர் அன்றைக்கே பழையதை எல்லாம் துடைத்துப்போட்டு, பக்கத்துக்குப் பக்கம் மெத்தைப் படமாக நிரப்பினார். மாதம் முடிவதற்குள் தளம் தேடலில் பாதாளத்துக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வீட்டை வாங்கினீங்க, சரி. குடியிருந்தவங்களை ஏன் சார் காலி பண்ணீங்க? ஜனங்க தேடி வந்தது அவங்களைத்தானே."

கம்ப்யூட்டர்காரரிடம் பழைய கட்டுரைகளின் நகல் இருந்தது, பிழைத்தார்கள். கட்டுரைகள் அநேகமாக அவற்றின் பழைய முகவரிக்கே திரும்பின. இடம் மாற்ற வேண்டியிருந்த ஒன்றிரண்டு பக்கங்களின் பழைய முகவரியைத் தட்டினால், அது அதே விஷயம் உள்ள புதுப் பக்கத்துக்கு நேராகக் கொண்டுபோய் விட்டது. மெத்தை ஓர் ஓரத்தில் அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. தளம் முக்கி முனகி மேலேறியது. ஆனால் வாசகிகள் விடவில்லை. இதை எழுதின அக்கா எங்கே, லாரி இன்னும் ஓடுகிறதா என்று துளைத்தார்கள். கடைக்காரரே அக்கா குரலில் 'என் கணவர் குறட்டையே விடுவதில்லை' என்று ஒன்று எழுதிப் பார்த்தார். அதை நாய்கூடச் சீந்தவில்லை.

வேறு வழியில்லை. விற்றவரின் மின்னஞ்சலுக்கு உருகி உருகி எழுதினார். அம்மா தாயே, தங்களைப் போல ஆண்களை அறிந்த மேதையை நான் கண்டதில்லை, திரும்ப வந்து எழுதிக் கடையைக் காப்பாற்றுங்கள். அனுப்பினார்.

சமையலறையில் மனைவியின் போன் மணியடித்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள். கடைக்காரர் வாசற்படியில் வாயைத் திறந்தபடி நின்றார். பன்னிரண்டு வருஷம், ஒரே கட்டில், ஒரு வார்த்தை கசியவில்லை. கோபம்கூட வரவில்லை அவருக்கு. பிரமிப்பில் அதற்கு இடமில்லை.

"எழுதறேன்" என்றாள் அவள். "ஆனா, குறட்டையே விடறதில்லைன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லக்கூடாது. வியாபாரம் கெட்டுடும்."

அடுத்த வாரமே கடையில் கூட்டம். முதலில் வந்த அம்மாள் மெத்தையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த லாரி?"

"நான்தாங்க" என்று பில் புத்தகத்தை எடுத்தார்.