யாரும் ஓடாத சண்டை

"யாரும் ஓடாத துப்பாக்கிச் சண்டை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் பரிசோதகர்.

வீடியோ கேம் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருந்த பெண் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். வெளியே காலையிலிருந்து தூறல். குடையிலிருந்து சொட்டும் தண்ணீர் கடைத் தரையை நனைத்துவிடக் கூடாதென்று அவர் அதைத் தன் காலணிக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓடாமன்னா?"

"யாரும் வேகமா வரக் கூடாது. திடீர்னு சத்தம் கூடாது. பின்னாடியிருந்து சுடக் கூடாது."

"முன்னாடியிருந்து?"

"சொல்லிட்டுச் சுடலாம்."

"சார், அதுக்குப் பேரு சண்டை இல்ல. பேச்சுவார்த்தை."

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பு அவர் வீட்டை விட்டுப் போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

அவர் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்ட் குலுங்காமல் கிளம்புகிறதா, அதிராமல் நிற்கிறதா என்று பார்ப்பது வேலை. உலகத்தில் எதுவும் மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை அவர் ஒரே ஒரு ராத்திரி மறந்தார். வேறு ஊரில் வேலை கிடைத்து மகன் பெட்டி கட்டிய ராத்திரி. "பொம்மையச் சுடறதத் தவிர உனக்கு வேற என்னடா தெரியும்?" என்று கேட்டுவிட்டார். மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, லிஃப்டில் ஏறாமல், ஆறு மாடியும் படியில் இறங்கிப் போனான். அதைவிட மோசமாக ஒரு லிஃப்ட் பரிசோதகரை யாரும் திட்ட முடியாது.

அன்றிலிருந்து மகன் அவரிடம் பேசுவதில்லை. போன் செய்தால் அறைத் தோழன்தான் எடுப்பான். "அவன் குளிக்கிறான் அங்கிள்." காலையில் செய்தாலும் குளிக்கிறான், மாலையில் செய்தாலும் குளிக்கிறான். மகன் பேசாததால் மனைவியும் பேசுவதில்லை. "காஸ் தீர்ந்துடுச்சு." "சாவி ஆணியில இருக்கு." அவ்வளவுதான். சாயங்காலம் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு மகனுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மகன் தன்னிடமும் பேசாத ஏக்கத்தில், அவன் விட்டுப்போன சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுகிறாள் என்று அவர் நினைத்தார். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. மகன் பேசிவிட்டால் இவளும் பேசிவிடுவாள் என்பது அவர் கணக்கு.

இந்த நிலையில்தான் ஒரு நாள், கூடத்தில் டிவிக்குக் கீழே மகன் விட்டுப்போன கேம் பெட்டியைத் துடைக்கப் போய், கை பட்டு அது விழித்துக்கொண்டது. எப்போதோ விளையாட்டாக மகன் அவருக்கும் அதில் ஒரு கணக்குத் தொடங்கி 'கீழ்த்தளம்' என்று பெயர் வைத்திருந்தான். கீழ்த்தளத்துக்கு ஒரே ஒரு நண்பன். 'சாம்பல் நரி.' மகன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. இப்போது விளையாடிக்கொண்டிருக்கிறார், என்றது திரை.

தூரத்துக் கப்பலின் விளக்கைப் பார்ப்பதுபோல அவர் அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவன் ஆடிக்கொண்டிருந்த துப்பாக்கிச் சண்டைக்குள் போனார். போன வேகத்தில் செத்தார். மறுபடி போனார். யார் சுட்டது, எங்கிருந்து என்று தெரிவதற்குள் மறுபடி செத்தார். கையில் கட்டியிருந்த கடிகாரம், இதயம் வேகமாகத் துடிக்கிறது, தயவுசெய்து உட்காருங்கள் என்றது. அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

அதனால்தான் இந்தக் கடை.

"இதை எடுத்துக்குங்க" என்றாள் கடைக்காரப் பெண். "புல்லுக்குள்ள படுத்துக்கிட்டு தூரத்துல இருக்கறவனக் குறி பாக்கணும். ஓட்டமே கிடையாது."

ஓட்டம் இல்லைதான். ஆனால் காத்திருக்க வேண்டியிருந்தது. புல் அசைந்தது. மேகம் நகர்ந்தது. யாரும் வரவில்லை. யாரும் வராத ஒவ்வொரு கணமும் யாரோ வரப்போகிறார்கள் என்று அவர் உள்ளங்கை வேர்த்தது. கடைசியில் ஒரு கொக்கு பறந்தபோது, பதறிப்போய் அதைச் சுட்டுவிட்டார். கொக்கு விழுந்த சத்தம் தூக்கத்திலும் கேட்டது.

"கொக்குக்காகவா திருப்பிக் குடுக்கறீங்க?" என்றாள் அவள்.

"அது பாட்டுக்குப் போயிட்டிருந்துச்சும்மா."

அடுத்து முறைவைத்து ஆடும் ஆட்டம் ஒன்றைக் கொடுத்தாள். "நீங்க நகர்ந்தாத்தான் எதிரி நகர்வான். நீங்க ஒரு வாரம் யோசிச்சாலும் அவன் அப்படியே நிப்பான். இதுல டென்ஷனாக வழியே இல்ல."

வழி இருந்தது. அவருக்குக் கீழே ஒரு சின்னப் படை. யாரை முன்னால் அனுப்புவது? தாடிக்காரனை அனுப்பலாமென்றால் அவன் முகம் குழந்தை குட்டிக்காரன் முகமாக இருந்தது. ஒல்லியானவனுக்கு ஏற்கெனவே காலில் கட்டு. நாள் கணக்கில் யோசித்தும் முதல் நகர்வைச் செய்ய முடியவில்லை. யோசனை வேலைக்கும் கூடவே வந்தது. ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டின் கதவில் 'உபயோகிக்கக் கூடாது' என்ற சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு வந்துவிட்டார். யாரையும் மேலே அனுப்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டார். "அந்த லிஃப்டுல என்னய்யா கோளாறு?"

"கோளாறு இல்ல சார்."

"பின்ன ஏன் பூட்டின?"

"எதுக்கு ரிஸ்க்குன்னு..."

"ஒன்பதாவது மாடிக்காரர் மூட்டுவலியோட ஏறி இறங்கி, அங்கிருந்து நேரா எனக்குப் போன் பண்றாரு. என் பிரஷர் ஏறுது. போய் ஒரு வாரம் வீட்ல ரெஸ்ட் எடு."

ஒரு வாரம் வீட்டில் இருப்பதென்றால் ஒரு வாரம் அந்த அமைதிக்குள் இருப்பது. அவர் குடையை எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனார். இந்த முறை அந்தப் பெண், குழந்தைகள் ஆடும் சாயத் துப்பாக்கி ஆட்டத்தைக் கொடுத்தாள். ரத்தம் கிடையாது, வண்ணங்கள்தான். உற்சாகமான இசை. எங்கிருந்தோ வந்த வாண்டுகள் அவரைச் சுவரோடு சேர்த்து மஞ்சளாக்கிவிட்டு, 'பெருசு, வீட்டுக்குப் போ' என்று எழுதின. வீட்டில்தான் இருக்கிறேன் என்று பதில் எழுத அவருக்குத் தெரியவில்லை.

அதையும் திருப்பிக் கொடுக்க வந்தபோது கடைக்காரப் பெண் பெருமூச்சு விட்டாள். "சார், ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. எதுக்கு இந்தக் கஷ்டம்?"

அவர் பச்சைப் புள்ளியைப் பற்றிச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் குடையின் கைப்பிடியைத் துடைத்தார்.

"அப்ப நான் எதைக் குடுத்தாலும் பிரயோஜனம் இல்லியே" என்றாள் அவள். "உங்க பையன் இதுல எதுலயும் இல்ல. இருக்கற இடத்துக்குத்தான் நீங்க போகணும்."

மெதுவாக, அவருக்குப் புரியும்படி சொல்லிக் கொடுத்தாள். வெடிக்கும்போது திரை குலுங்குவதை நிறுத்துவது. இசையைக் குறைப்பது. துப்பாக்கி தூக்காமல் மருத்துவராகப் போவது. "ஓடாதீங்க. உங்களுக்குத் தோதா ஒரு இடம் பாத்து நின்னுக்குங்க. மத்தத அவன் பாத்துப்பான்."

அன்று மாலை மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்கு வெடிச் சத்தம் கேட்டு மனம் நோகக் கூடாதென்று அவர் ஒலியை முழுக்க அடைத்தார். சாம்பல் நரியின் அணியில் சேர்ந்தார்.

இடிந்துபோன அலுவலகக் கட்டடம். எல்லாப் பக்கமும் புகை. அந்தப் புகையில், நடைவழியின் கடைசியில், அவர் லிஃப்டைப் பார்த்தார். அயலூர்க் கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது. உள்ளே போய் நின்றுகொண்டார். கம்பிவடம் சரியாகத்தான் வரைந்திருந்தார்கள், எடை வரம்பைத்தான் எங்கும் எழுதவில்லை. கடிகாரம் ஒன்றும் சொல்லவில்லை.

ஒருவன் துப்பாக்கியோடு உள்ளே பாய்ந்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவன் கீழே கிடந்தான். லிஃப்ட் வாசலில் சாம்பல் நரி, இவருக்கு முதுகைக் காட்டியபடி, காவல்காரனைப் போல நின்றுகொண்டிருந்தது.

அந்த விளையாட்டில் பேசுவதற்குத் தயாராகச் சில வாக்கியங்கள் உண்டு. பொத்தானை அழுத்தினால் போதும். அவர் தேடித் தேடி அழுத்தினார். 'நன்றி.'

நரியிடமிருந்து எழுத்து வந்தது. 'இங்கேயே இரு. நான் இருக்கிறேன்.'

தயாரான வாக்கியம்தான். எல்லோருக்கும் பொதுவானதுதான். இருந்தும் அவருக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. அது திரையின் கோளாறு அல்ல.

அதற்குப் பிறகு தினமும் அதே லிஃப்ட். நரி எங்கே அடிபட்டாலும் நொண்டிக்கொண்டு லிஃப்டுக்கு வரும், அவர் கட்டுப் போட்டு அனுப்புவார். சில சமயம் சண்டை ஓய்ந்த பிறகும் இரண்டு பேரும் சும்மா நிற்பார்கள். ஜன்னல் இருந்த இடத்தில் வரைந்துவைத்த மழை பெய்யும். அவருக்குத் தெரிந்த எந்த மாலையையும்விட அது நல்ல மாலையாக இருந்தது.

வீட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி காரணமேயில்லாமல் சிரித்தாள். சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள், புரையேறியது.

"என்னாச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

தனக்குத்தானே சிரிக்கும் அளவுக்குத் துக்கம் முற்றிவிட்டது என்று அவருக்குப் பகீரென்றது. இனிமேல் தள்ளிப்போடக் கூடாது. மகனை எப்படியாவது அவளிடம் பேசவைக்க வேண்டும். அவன் மனம்தான் இளகிவிட்டதே, தினமும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறானே.

மறுநாள் மதியம், அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போன் செய்தார். அறைத் தோழன் எடுத்தான்.

"அவன் குளி..."

"குளிக்கட்டும்பா. ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிடு. தினமும் சாயங்காலம் லிஃப்ட் வாசல்ல வந்து நிக்கிறானே, அதுக்கு அப்பா ரொம்ப சந்தோஷப்பட்டேன்னு சொல்லு. அன்னிக்கு நான் பேசினது தப்புன்னும் சொல்லு. அப்படியே அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை பேசச் சொல்லு. பாவம், அறைக்குள்ள தனியா உக்காந்து அழுதுட்டிருக்கா."

மறுமுனையில் தோழன் குரலைத் தாழ்த்தினான்.

"அங்கிள், அவன் கேமை எல்லாம் விட்டே ரொம்ப நாளாச்சு, கிளம்பும்போதே பழைய கம்ப்யூட்டரையும் சாம்பல் நரி கணக்கையும் அம்மாவுக்குக் குடுத்துட்டு வந்துட்டான், உங்களை அந்த லிஃப்டை விட்டு வெளிய கொண்டு வர்றது எப்படின்னு அம்மாதான் தினமும் போன் பண்ணி அவன்கிட்ட கேட்டுட்டிருக்காங்க."