ஞானமேரிக்கு லைன் கிளியர்

சேசு மரி சூசை துணை

சூரமங்கலம்,
14-7-1963

மகா பிரியமுள்ள மைத்துனர் தோமினிக்குக்கு, உங்கள் அக்காள் புருஷன் உபகாரசாமி எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே என் இரத்தக் கொதிப்பைத் தவிர எல்லாம் சுகம். மேட்டூரில் உங்கள் சுகத்துக்கும் அணைத் தண்ணீருக்கும் எழுதவும்.

மாப்பிள்ளை, உங்கள் அக்காள் ஞானமேரி என்னோடு பேசிப் பதினெட்டு நாளாகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் வேலையிலிருந்து ரிட்டயரான மறுநாளே அடுப்படிக் கதவில் ஒரு சிலேட்டை மாட்டி, காப்பி ஏழு நிமிஷம் லேட், இட்லி பதினொரு நிமிஷம் லேட் என்று எழுதி வந்தேன், ஒரு ஒழுங்குக்காகத்தான். ஒரு நாள் சிலேட்டைத் துடைத்தாள், அன்றோடு வாயையும் மூடிக்கொண்டாள். மனக்கஷ்டத்துக்கு யோசனை சொல்கிறவர்களிடம் போகச் சொன்னார்கள், போனேன். முதலில் சென்றாயன், போலீசில் ஏட்டாக இருந்தவர். நான் வாயைத் திறக்குமுன் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். அடுத்து பெரியசாமி, கம்பவுண்டராக இருந்தவர். பேசாதவள் ஞானமேரி என்று சொல்லியும் கேளாமல் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, பேதிக்குக் கொடுத்தார். அந்த இரண்டு நாளை விவரிக்க எனக்கு மனமில்லை.

மூன்றாவது, பட்டணத்தில் இதற்கென்றே படித்துவிட்டு வந்த பெரியநாயகி அம்மாள். "எங்க சம்சாரம் பேசறதில்லீங்க" என்றேன். "உங்க சம்சாரம் பேசறதில்லைன்னு சொல்றீங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ரயில்வேயில் நாம் போனில் சொன்னதைப் பக்கத்து ஸ்டேஷன்காரர் அப்படியே திருப்பிச் சொல்லி, சம்மதத்துக்கு அடையாளமாக ஒரு பிரைவேட் நம்பரும் கொடுத்துவிட்டால் லைன் கிளியர், வண்டியை விட்டுவிடலாம். ஆகவே, தப்பெல்லாம் அவள் மேல்தான் என்றேன். தப்பெல்லாம் அவங்க மேலன்னு நினைக்கிறீங்க என்றார். நம்பர் கேட்டேன். கொஞ்சம் முழித்துவிட்டு முப்பத்திரண்டு என்றார். வீட்டுக்கு வந்து, தப்பு உன்னுடையதுதான், முப்பத்திரண்டாம் நம்பரில் முடிவாகிவிட்டது என்று சிலேட்டில் எழுதினேன். ஞானமேரி டிரங்குப் பெட்டியை இறக்கித் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஓடிப்போய்ச் சொன்னேன். பெரியநாயகி அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் திருப்பிச் சொன்னா, நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தமுங்க, சம்மதம்னு அர்த்தமில்லீங்க. ஊட்டுல அவங்க சொன்னதை ஒரு தடவையாச்சும் இப்படித் திருப்பிச் சொல்லியிருக்கீங்களா?" என்றார். முகம் தெரியாத ஸ்டேஷன் மாஸ்டர்கள் சொன்னதையெல்லாம் முப்பத்துமூன்று வருஷம் திருப்பிச் சொன்னவன் நான். இவள் சொன்னது ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது, மாப்பிள்ளை.

உங்களை மன்றாடிக் கேட்கிறேன். பெட்டி கட்டுகிறவள் உங்களிடம்தான் வருவாள். உங்கள் வீட்டில் வெள்ளையடிக்கிறது, படுக்க இடமில்லை, இப்போது வர வேண்டாம் என்று அக்காளுக்கு உடனே ஒரு கார்டு போடுங்கள். அவள் இல்லாத வீட்டில் என்னால் ஒரு நாள் இருக்க முடியாது. சிலேட்டைக் கிணற்றில் போட்டாயிற்று. இனி அவள் எது சொன்னாலும் திருப்பிச் சொல்வேன்.

உங்கள் சம்சாரம் ரோசிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். தேவமாதா உங்கள் வீட்டையும், முடிந்தால் என் வீட்டையும் காப்பாளாக.

இப்படிக்கு,
உபகாரசாமி

பின்குறிப்பு: கார்டு போட வேண்டாம். இதை ஒட்டுவதற்குள் ஞானமேரி பெட்டியோடு வந்து நின்று, "நான் தம்பி ஊட்டுக்குப் போறேனுங்க" என்றாள். பதினெட்டு நாளுக்குப் பிறகு அவள் குரல். சந்தோஷத்தில், தம்பி ஊட்டுக்குப் போறேன்னு சொல்றே என்று பிசகாமல் திருப்பிச் சொன்னேன். "நம்பருங்க?" என்றாள். பழக்க தோஷம், வாய் தானாக நாற்பத்தொன்று என்றுவிட்டது. லைன் கிளியர் கொடுத்தபின் வண்டியை எப்படி நிறுத்துவது? எப்படியும் அங்கேதானே போகிறேன், ஸ்டாம்பு எதற்கு என்று இந்தக் கடிதத்துக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஞானமேரி, பஸ்ஸில் நீதான் இதை முதலில் படிப்பாய். வெள்ளையடிக்கிற சமாசாரம் பொய். சனிக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் நீ திரும்பி வருவாய் என்று இங்கே ஸ்டாண்டில் வந்து நிற்பேன். எத்தனை நிமிஷம் லேட்டானாலும் எழுத மாட்டேன்.