நம்ம கையில கீதா?

சென்னைக்கு வெளியே எங்கள் பட்டாபிராம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கோபப்படத் தெரியாத மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவருக்கு முறுக்கிய மீசை, வாசற்கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, பெயர் கீதா.

பெற்றோர் வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருக்கலாம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கீதா அண்ணன்தான். எங்கள் அடுக்ககத்தில் பிளம்பர், எலெக்ட்ரீஷியன், மோட்டார் போடுகிறவர், நின்றுபோன லிஃப்டைத் திறந்துவிடுகிறவர் எல்லாம் அவரே.

தஞ்சாவூரிலிருந்து வேலை நிமித்தம் இங்கே குடிவந்த முதல் வாரம், குளியலறைக் குழாய் கையோடு வந்துவிட்டது. நான் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நிற்க, மனைவி வாட்ச்மேனுக்குப் போன் செய்தாள். "கீதாவ அனுப்பறேம்மா" என்றார் அவர். "பொம்பள பிளம்பராம், நல்ல விஷயம்தான். நீங்க ஒரு சட்டையப் போடுங்க" என்று என்னை அதட்டினாள். ஒரு விரலால் குழாயை அடைத்தபடி சட்டை போடுவது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மணி அடித்தது. மனைவி கதவைத் திறந்து, வந்தவரின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"கீதா வரலையா?"

"நான்தாம்மா" என்றது மீசை.

உள்ளே வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், தண்ணி பீச்சிகினு கீது, சரி. ஆனா இது நம்ம கையில கீதா, இல்லியா? அத்த மொதல்ல பாக்கணும்."

"என் கையிலதான் இருக்கு அண்ணே. விரல் மரத்துப்போச்சு. வால்வ மூடுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப கையில கீற விசயம். டக்குனு முடிஞ்சிரும்."

பெயர் வந்த கதை அதுதான். எந்தப் புகார் வந்தாலும் முதல் கேள்வி, "நம்ம கையில கீதா?" மதுரை, கோவை, நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ எனக்கு முன்பே வந்து குடியேறியவர்களுக்கு 'இருக்கிறதா' என்பதற்கு அப்படி ஒரு சொல் உண்டென்பதே தெரியாது. யாரோ ஒரு கீதாவைத் தேடுகிறார் என்றுதான் நினைத்தார்களாம். பட்டம் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கேள்வி அவருடைய சொந்தச் சரக்கில்லை. தொட்டி நிரம்பும்வரை மோட்டார் அறையில் காத்திருக்கிற நேரத்தில் செல்போனில் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் தற்செயலாக ஸ்டோயிக் தத்துவம் காதில் விழுந்திருக்கிறது. அன்று தொட்டி நிரம்பி வழிந்து மொட்டைமாடி குளமானதாக வாட்ச்மேன் சொல்வார். அண்ணன் எழுந்திருக்கவே இல்லையாம்.

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி சார். கிரேக்கத்துல ஆரம்பிச்சி ரோம்ல போயி நின்னுக்கீது. ஒரு ராஜா சொல்லிக்கீறாரு, ஒரு அடிமையும் சொல்லிக்கீறாரு. ரெண்டு பேரும் ஒரே விசயத்த. நம்ம கையில கீறத ஒழுங்கா செய்யி, கையில இல்லாதத விட்டுரு. ராஜாவுக்கும் அடிமைக்கும் ஒத்து வந்துச்சுன்னா பிளம்பருக்கு வராதா?"

வந்தது. தினமும் காலையில் வாட்ச்மேன் அறை வாசலில் நின்று, அன்றைக்கு நடக்கக்கூடிய கெட்டதையெல்லாம் உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். "இன்னிக்கு மோட்டாரு பொகையும். தண்ணி லாரி வராது. நாலாவது மாடி லிஃப்ட் மாட்டிக்கும். செயலாளர் சார் கத்துவாரு." ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டே ஓடுவோம். மாலையில் திரும்பும்போது கணக்கு ஒப்பிப்பார். "கத்துனது மட்டும்தான் சார் நடந்துச்சி. மீதி எல்லாம் போனசு."

வசதியில்லாமலும் வாழப் பழக வேண்டும் என்று அந்தத் தத்துவத்தில் ஒரு பாடம் இருக்கிறதாம். அதற்காக மே மாதத்தில் ஒரு முழுநாள் மின்விசிறியை நிறுத்திவிட்டு வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்தார். வாட்ச்மேனுக்கு வேறு அறை கிடையாது. "தத்துவம் உனுக்கு, வேர்வ எனுக்கா? நல்லாக்கீதுப்பா உங்க ரோமு" என்று அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

செயலாளர் கத்துவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பொதுவாக நல்லவர். குரல்தான் இரண்டு ஆளுக்கு உண்டானது. ஒருநாள் குழாயில் தண்ணீர் சேறாக வந்தது என்று முப்பது பேர் முன்னால் கீதா அண்ணனைப் பிடித்துக்கொண்டார். கால்மணி நேரம். அண்ணன் கை கட்டிக் கேட்டார். முடிந்ததும், "சார் சொன்னதுல பாதி நெஜம். தொட்டிய நான் கழுவியிருக்கணும், இப்பவே கழுவறேன். மீதி பாதி உங்க பிபி சார், அது உங்க கையில கீது. மாத்திர சாப்ட்டீங்களா?" என்றார். கூட்டம் சிரித்தது. செயலாளரின் மனைவி, "சாப்பிடலைப்பா" என்று மாடியிலிருந்து பதில் சொன்னாள்.

நாங்கள் அவரை ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தோம். ஒரு மழைநாள் வரைக்கும்.

அந்தக் கார்த்திகையில் விடியும்போதே தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் நள்ளிரவே போயிருந்தது. தரைத்தளத்தில் இருந்த ஜெனரேட்டர் மூழ்கியது. மூன்றாவது மாடியில் சரோஜா அம்மா இருந்தார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள், நுரையீரல் பழுதானவர். கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் இயந்திரம்தான் அவருக்கு மூச்சு. இரவே அவர் வீட்டு இன்வெர்ட்டர் பாதி இறங்கிவிட்டது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டர் ஒரு மணி நேரம்கூட வராது. மீட்புப் படகு சாயங்காலம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

மாடிப்படியில் கூடி நின்று கட்டடம் கட்டியவரைத் திட்டினோம், வடிகாலைத் திட்டினோம், மழையைத் திட்டினோம். செயலாளர் போனில் யார் யாரையோ உலுக்கிக்கொண்டிருந்தார். அப்போது தெருத் தண்ணீரை நீந்தாத குறையாகக் கடந்து, கழுத்துவரை நனைந்து கீதா அண்ணன் வந்து சேர்ந்தார்.

"மழ நம்ம கையில இல்ல. கரண்டு இல்ல. படகும் இல்ல" என்று விரலை மடக்கினார். "இன்வெர்ட்டர் எத்தினி ஊட்ல கீது?"

ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் இருந்தது.

"அல்லாரும் ஃபேன், லைட்டு, வைஃபை அத்தினியும் ஆஃப் பண்ணிருங்க. பேட்டரிய தூக்கறது கஸ்டம். அம்மாவ தூக்கறது ஈசி."

சரோஜா அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அண்ணன் ஒரு பக்கமும் செயலாளர் மறுபக்கமும் தூக்கினார்கள். இயந்திரம் என் தோளில். வழியில் மட்டும் சின்ன சிலிண்டர். ஒரு வீட்டு பேட்டரி இறங்கும் முன்பே அடுத்த வீடு. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஐந்து வீடுகள். அதில் மூன்று வீட்டுக்குள் நானே அதுவரை போனதில்லை. எந்த வீட்டிலும் யாரும் ஒரு விளக்குகூடப் போடவில்லை. இரண்டாவதாகப் போன எங்கள் வீட்டில் அம்மா மூக்குக் குழாயை விலக்கிக்கொண்டு, "ஒட்டடை அடிச்சு எத்தன மாசம் ஆவுது?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சற்று நம்பிக்கை வந்தது.

பத்து மணி வாக்கில், படியில் இறங்கும்போது அண்ணனின் போன் அடித்தது. நாற்காலியைப் படித் திருப்பத்தில் இறக்கிவைத்துக் கேட்டார், சரி என்றார், பையில் போட்டுக்கொண்டார்.

"யாரு அண்ணே?"

"பொண்டாட்டி. வெள்ளானூர்ல ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துட்சாம். அவளும் பொண்ணும் ஸ்கூல் கட்டடத்துக்குப் போயிட்டாங்க."

"நீங்க கிளம்புங்க. நாங்க பாத்துக்கறோம்."

"நான் போனா தண்ணி நின்னுருமா சார்? அவங்க பத்திரமா கீறாங்க. மீதியெல்லாம் வெறும் பொருளு. செயலாளர் சார், நாற்காலிய அந்தப் பக்கம் புடிங்க."

ஐந்து மணிக்குப் படகு வந்தது. சரோஜா அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் விட்டத்தைத்தான் பார்க்கிறார்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் நாங்கள் ஒன்பது பேர் துடைப்பமும் வாளியுமாக வெள்ளானூர் போனோம். சுவரில் நெஞ்சுயரத்துக்குச் சேற்றுக் கோடு. மெத்தை, பீரோ, டிவி, பெண்ணின் பாடப்புத்தகங்கள், எதுவும் மிஞ்சவில்லை. அண்ணனின் மனைவி சேற்றை வாரிக்கொண்டிருந்தார்.

"வாங்க. உங்க ஆளுக்குக் கவலையே படத் தெரியாதுன்னு சொல்வீங்களாமே" என்றார் எங்களிடம். "அவரு பங்குக்கும் சேத்து நான்தான் இத்தினி வருசமா பட்டுகினு கீறேன்."

செயலாளர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறைச் சேற்றில் இறங்கினார். அந்தக் குரல் அன்று முழுக்க வெளியே வரவில்லை.

நான் அண்ணனிடம் கேட்டேன். "அன்னிக்கு அந்தப் போன் வந்தப்போ எப்படிண்ணே அசையாம இருந்தீங்க?"

வாளியைக் கீழே வைத்தார். "யாரு சொன்னது அசையலன்னு? காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடிச்சி சார். படியில வுழுந்துருவேனோன்னு பயம். என் பொண்ணு தண்ணிய பாத்தாலே அழுவும். ஓடிரலாமான்னு தோணிச்சி. ராஜா, அடிமை ஒருத்தரும் நெனப்புல வர்ல. நாற்காலில அந்தம்மா என் சட்டைய புடிச்சிகினு இருந்தாங்க. அவங்கள வுட்டுட்டு எப்டி போறது?" முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். "நான் கத்துக்கினேன்னு நெனைக்காதீங்க. தெனமும் கத்துக்க ட்ரை பண்றேன். அவ்ளோதான்."

பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. அவர் மனைவி சேற்றுக் கையோடு வந்து பக்கத்தில் நின்றார். நாங்கள் ஒன்பது பேரும் மும்முரமாகச் சுவரைக் கழுவினோம்.

அடுத்த மாதம் பக்கத்து அடுக்ககத்துக்காரர்கள் அவரைத் தங்களிடம் அழைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். எங்கள் சங்கத்தில் அன்று நடந்த அவசரக் கூட்டத்துக்கு வந்த கூட்டம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. அவர் போகவில்லை.

இப்போதெல்லாம் வீடு எங்கே என்று யாராவது கேட்டால் பட்டாபிராம் என்று சொல்லி நிறுத்துவதில்லை. கீதா அண்ணன் வேலை பார்க்கிற கட்டடத்தில் என்று சேர்த்துச் சொல்கிறேன். கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. பரவாயில்லை, எனக்கு அப்படிச் சொல்லப் பிடித்திருக்கிறது.