முத்தரின் கத்தியில் தானாய்ப் படர்ந்த நீலம்

குட்மேய்ஸில் ரயில் ஏறி இருந்த கையோடு, எதிர் இருக்கையில் ஒரு பொலிஸ்காரர் வந்து அமர்ந்தார். செபமாலைமுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய மடியில் மீன்கடைப் பை. பைக்குள் துவாய். துவாய்க்குள், பயணத்துக்கென்று பூட்டுப் போட்ட மரப்பெட்டி. பெட்டிக்குள் கத்தி.

சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. கையால் செய்யும் கத்திகளின் கண்காட்சிக்குப் போகிறார், நுழைவுச் சீட்டு சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆனாலும் லண்டன் ரயிலில் இருந்துகொண்டு, "என்னட்டைக் கத்தி கிடக்கு, ஆனால் நான் அதாலை ஒண்டும் வெட்டுறேல்லை" என்று ஒரு பொலிஸ்காரருக்கு விளங்கப்படுத்துவதென்றால் சும்மாவா?

பொலிஸ்காரர் பையைப் பார்த்துச் சிரித்தார். "ஷாப்பிங்கா?"

"மீன்," என்றார் முத்தர். யாரும் கேட்காமலே, "செத்த மீன்," என்றும் சேர்த்துச் சொன்னார்.

அன்று அவர் சொன்ன இரண்டாவது பொய் அது. முதலாவது பொய் வீட்டு வாசலில் நடந்தது.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்டா மனைவி அருள்மலர்.

"கோயிலிலை யாத்திரைக் குழுக் கூட்டம். லூர்து போறதைப் பற்றிக் கதைக்கினம்."

அருள்மலர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அவரை ஒருக்கால் பார்த்தா. பாவம், கொஞ்சக் காலமாக அவவுக்கு முழங்கால் நோ. முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிச் சொல்லியே மனுசிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது என்று முத்தருக்கு அவமேல் தனி மரியாதை.

"சரி, போட்டு வாங்கோ. கை கவனம்."

வெளியே நல்ல குளிர். முத்தர் திரும்பிப் போய்க் கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பொய் சொல்லாமல் வேறு வழியும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், தொலைக்காட்சியில் கத்திக்குத்துச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது அருள்மலர் சொன்னது அவருக்கு இன்னும் காதில் நிற்கிறது: "இந்த வீட்டுக்கை கத்தி எண்டால் அது குசினிக்கை மட்டுந்தான் இருக்கவேணும், சொல்லிப்போட்டன்." ஆகவே முத்தருடைய சேகரிப்பு முழுவதும் கூரைக்கு அடியில் இருக்கும் லொஃப்டில், பாலன் குடில் சாமான்கள் வைக்கும் பெட்டிக்குப் பின்னால், ஒரு பழைய சூட்கேசில் வாழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அருள்மலர் பாடகர் குழுவோடு நிற்கும் நேரத்தில் இவர் மட்டும் ஓடிவந்து, மேலே ஏறி, ஒவ்வொரு கத்தியாக எடுத்து எண்ணெய் பூசித் துடைத்து மூடுவார். ஒரு கத்தியாலும் இதுவரை ஒரு கறிவேப்பிலை கூட அறுத்ததில்லை.

அவற்றுள் ராசா, டெரெக் ஹாலோவே என்ற பேர்போன கொல்லர் அடித்த கத்தி. வாங்கும்போது அது முகம் பார்க்கலாம் போல வெள்ளையாக மின்னியது. பிறகுதான் அந்த அற்புதம் தொடங்கியது. அலகின் விளிம்பிலிருந்து மெல்ல மெல்ல ஒரு நீலம் படர்ந்தது. புறாவின் கழுத்தில் இருக்குமே, அந்த நீலம். பெட்டிக்குள் சும்மா கிடக்கும் உருக்கு தன்பாட்டில் நிறம் மாறுகிறது என்றால், அது தன்னுடைய எண்ணெயும் பக்தியும் சேர்ந்து செய்த வேலை என்பதே முத்தரின் முடிவு. சில ஞாயிறுகளில் அதைப் பார்த்துக் கண் கலங்கியும் இருக்கிறார்.

கண்காட்சி, மேற்கு லண்டனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில். உள்ளே கால் வைத்த முத்தர் தொப்பியைக் கழற்றினார். வலது கை, கோயிலுக்குப் போகும் பழக்கத்தில், வாசலில் தீர்த்தத் தொட்டியைத் தேடியது.

எப்படிச் சொல்வது! நீள நீளமான மேசைகள், கறுப்புத் துணி விரிப்பு, ஒவ்வொன்றின்மேலும் வெளிச்சம் வாங்கிக்கொண்டு படுத்திருக்கும் கத்திகள். இரும்பை மடித்து மடித்து அடித்ததில், கடற்கரை மணலில் அலை போட்ட வரிகள்போல அலகெல்லாம் கோலம். சேற்றுக்குள் ஆயிரக்கணக்கான வருடம் கிடந்து கறுத்த ஓக் மரத்தில் ஒரு பிடி. எப்போதோ அழிந்துபோன மாமதயானையின் பல்லில் இன்னொரு பிடி. யாரும் உரத்துப் பேசவில்லை. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மனிதக் கை இதையெல்லாம் செய்யுமா என்று முத்தரும் குனிந்தார்.

ஹாலோவேயின் மேசையில் இருந்தது ஒரேயொரு கத்தி. ஒவ்வொரு கண்காட்சிக்கும் மனிதர் ஒன்றுதான் கொண்டுவருவார். நீண்டு மெலிந்த அலகு, மங்கலான வெள்ளி நிறம், ஒரு பூவும் கோலமும் கிடையாது. முத்தர் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"மாதாவே, இது எனக்குக் கிடைச்சால் போதும். வேறை ஒண்டும் கேக்கமாட்டன்."

"அண்ணை!" தோளில் ஒரு கை விழுந்தது. றஜீவ். ஃபாரஸ்ட் கேட்டில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருப்பவன், கத்திப் பைத்தியத்தில் முத்தருக்குத் தம்பி. "உங்கடை ஹாலோவே கத்தியைக் கொண்டந்தனீங்களே? பழைய கத்தியைப் பாத்துத்தான் மனுசன் புதுசை விப்பான்."

"கொண்டந்தனான். ஒரு கீறல் இல்லை. ஒரு இலையான் கூட மொய்ச்சதில்லை. பாத்தானெண்டால் மயங்கி விழுவான்."

றஜீவின் முகம் செத்துப்போனது. "காரியம் பிழைச்சுப் போச்சு, அண்ணை."

"என்னடாப்பா?"

"அவன் பாவிக்கிற ஆளுக்குத்தான் விப்பான். பாவிக்காமல் பூட்டி வைக்கிற ஆளெண்டு கண்டானோ, பேந்து சீவியத்துக்கும் இல்லை. அங்கை பாருங்கோ."

ஹாலோவேயின் மேசையிலிருந்து கோட் சூட் போட்ட ஒரு கனவான், பெட்டியை அணைத்துக்கொண்டு, கண் சிவந்து போய்க்கொண்டிருந்தார்.

முத்தர் பையை நெஞ்சோடு அணைத்தார். றஜீவ் அவரைக் கூட்டிக்கொண்டு போய் மண்டபத்து மூலையில் இருந்த தேநீர்க் கடையில் இருத்தினான். "பயப்பிடாதேங்கோ. கத்தியை எடுங்கோ, பாப்பம்."

முத்தர் பெட்டியைத் திறந்தார். றஜீவ் கையை நீட்டினான். முத்தர் கத்தியை அவன் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். "கத்தியைக் கைக்குக் கை குடுக்கப்படாது. பேந்து நானும் நீயும் கொழுவிச் சண்டை பிடிக்கிறதோ? வைக்கிறன், எடு."

றஜீவ் எடுத்துப் பார்த்தான். "என்னண்ணை, நீலமாக் கிடக்கு?"

"அது தானா வந்தது," என்றார் முத்தர், அடங்கிய குரலில்.

"தானா வந்த நீலம் காணாது. கொஞ்சம் கறையும் வேணும். கடுகு பூசி வைச்சால் பாவிச்ச கத்தி மாதிரிக் கறை பிடிக்கும். யூடியூப்பிலை பாத்தனான்."

"என்ரை கத்திக்குக் கடுகோ!"

"அப்ப வீட்டை போவமே?"

முத்தர் தூரத்தில் தெரிந்த அந்த வெள்ளி அலகைப் பார்த்தார். பிறகு, சொசேஜ் பணிசுக்குக் கொடுக்கும் கடுகுப் பைக்கற்றுகளைத் தானே போய் வாங்கி வந்தார். பூசப் பூசக் கண்ணீர் வந்தது. தேநீர்க் கடைப் பெண் அதைப் பார்த்துக்கொண்டே நின்றா. பாவம், அவவும் எத்தனை கண்காட்சி கண்டிருப்பா, கத்திக்குக் கடுகு பூசி அழுகிற மனுசனை இப்போதுதான் காண்கிறா.

கறை பிடிக்கவில்லை. மஞ்சள் குழம்புதான் பிடிக்குள் ஒழுகி இறங்கியது.

"கழுவுங்கோ, கழுவுங்கோ!" என்று றஜீவ் பதறினான்.

முத்தர் கழிப்பறைக்கு ஓடினார். குழாயைத் திறந்து, கத்தியைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என்ரை ராசா, என்ரை ராசா," என்று தேய்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு கதவு திறந்தது. வெளியே வந்த வெள்ளைக்காரர் கண்ணாடியில் முத்தரைக் கண்டார், கத்தியைக் கண்டார், அப்படியே பின்பக்கமாக உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

காவலாளி வர அதிக நேரம் எடுக்கவில்லை. கதவு நிறைய ஓர் ஆள்.

"ஐயா," என்றார் அவர், மிகவும் பண்பாக. "இன்றைக்கு இந்தக் கட்டடம் முழுக்கக் கத்தி. மேசையில் இருக்கிற ஒன்றுக்கும் நான் பயப்படவில்லை."

"ஹாலோவே... ஹாலோவே மேசை," என்று முத்தர் உளறினார்.

"நானே கூட்டிக்கொண்டு போகிறேன்."

காவலாளி தேநீர்க் கடை மேசையில் கிடந்த பெட்டியில் கத்தியை வைப்பித்து, பெட்டியைத் தன் கையில் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். "வழி விடுங்கள், வழி விடுங்கள்!" வரிசையில் நின்றவர்கள் இது யாரோ பெரிய சேகரிப்பாளர், காவலோடு வருகிறார் என்று நினைத்துப் பயபக்தியோடு விலகினார்கள். ஒருவர் படம் எடுத்தார். இன்னொருவர் முத்தருக்குத் தலை வணங்கினார். முத்தரும் வணங்கினார். வேறு என்ன செய்வது? யாருடைய கண்ணிலும் படாமல் பின்னால் நிற்க நினைத்த மனுசன், மண்டபமே பார்த்திருக்க வரிசையின் முன்னால் வந்து நின்றார்.

ஹாலோவே வெள்ளைத் தாடிக்காரர், தோல் மேலங்கி. காவலாளி மேசையில் வைத்துவிட்டுப் போன பெட்டியைத் திறந்து முத்தர் கத்தியை எடுத்து நீட்டப் போனார்.

"கையில் வேண்டாம்," என்றார் ஹாலோவே. "மேசையில் வையுங்கள். நான் எடுத்துக்கொள்கிறேன். சண்டை வந்துவிடும்."

முத்தருக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் வழக்கம் இந்த வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும்! கத்தியின் ஆன்மாவை அறிந்தவனுக்கு உலகத்தின் எல்லாச் சாத்திரமும் தானே தெரியவரும் போலும் என்று நினைத்து, கை கூப்பாத குறையாக நின்றார்.

ஹாலோவே அலகை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். முகர்ந்தார். "கடுகு."

"நாங்கள் தமிழாக்கள் எல்லாத்துக்கும் கடுகு போடுவோம்," என்றார் முத்தர் ஆங்கிலத்தில்.

"கத்திக்குமா? மொரீன், இங்கே வந்து இதைப் பார்."

ஹாலோவேயின் மனைவி மொரீன் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தா. கத்தியைப் பார்த்தா. பிறகு முத்தரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தா. இருவருடைய வாயோரமும் துடித்தது. தொலைஞ்சுது, கண்டுபிடிச்சிட்டினம் என்று முத்தர் நினைத்தார்.

"இதால் என்ன வெட்டுவீர்கள்?" என்று கேட்டார் ஹாலோவே.

"எல்லாம். பாண்."

"பாணா?"

"மீன் எண்டு சொல்லுங்கோ," என்று பின்னால் றஜீவ் குசுகுசுத்தான்.

"மீன். நண்டு."

"இன்னுமா நண்டு!" ஹாலோவே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மொரீனைப் பார்த்தார். முத்தருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹாலோவே மேசைக்கு அடியிலிருந்து ஒரு பலகையையும் ஒரு வெங்காயத்தையும் எடுத்து வைத்தார். "வெட்டிக் காட்டுங்கள்."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முத்தர் வீட்டில் தேத்தண்ணி போடுவதற்கே கேத்தலைத் தேடுகிற ஆள். அருள்மலரின் சீனிச் சம்பலில் வெங்காயம் நூல்போலக் கிடப்பதைக் கண்டிருக்கிறார், அது எப்படி அப்படி வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கத்தியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டார். வெங்காயத்தின் ஒரு பாதி றஜீவின் நெற்றியில் போய் விழுந்தது. மற்றப் பாதிமேல் இரத்தம் சொட்டியது.

"அண்ணை, விரல்!"

அந்த நோவிலும் முத்தர் ஒரு கணம் வியந்து நின்றார். வெட்டுப்பட்டதே தெரியவில்லை. என்ன கூர்! இவ்வளவு காலம் பெட்டிக்குள் கிடந்தும் நேற்றுத் தீட்டியதுபோல என்ன கூர்!

பிறகு அவர் உடைந்துபோனார். "சேர், நான் பொய் சொல்லிப்போட்டன். நான் இதாலை ஒண்டுமே வெட்டினதில்லை. வெட்ட மனம் வரேல்லை. அவ்வளவு வடிவு. ஞாயிற்றுக்கிழமையிலை எண்ணெய் பூசிப் பாத்துக்கொண்டிருப்பன், அவ்வளவுதான். என்ரை மனுசிக்குக் கூட இது இருக்கிறது தெரியாது. புதுசு எனக்கு வேண்டாம். இதைத் திருப்பி வாங்கிப்போடாதேங்கோ, அது போதும்."

பதற்றத்தில் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வந்தது. ஹாலோவே தாடியைத் தடவிக்கொண்டு மொரீனைப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த அந்தப் புதுக் கத்தியை எடுத்துத் துடைத்து, பெட்டியில் வைத்து, பெட்டியை மேசையில் முத்தருக்கு முன்னால் தள்ளிவிட்டார்.

"எடுத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் வீட்டுக்குத்தான்."

வரிசையில் நின்றவர்கள் "ஆ" என்றார்கள். முத்தர் பெட்டியைத் தொடவில்லை. "ஏன்? நான்தான் பாவிக்கிறேல்லையே. ஒரு வெங்காயம் கூட ஒழுங்கா வெட்டத் தெரியாத ஆள் நான்."

மொரீன் அவருடைய விரலைத் துடைத்து, பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டி, மெல்லத் தட்டிக் கொடுத்தா.

"அது உங்களுக்கில்லை, பழையதைத் தீட்ட எங்களிடம் கொண்டுவரும் அருள்மலருக்கு: ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் எண்ணெய் பூச வருவதற்குள் சமையலுக்கு எடுத்ததைக் கழுவித் துடைத்து, லொஃப்டில் ஏறித் திருப்பி வைத்து வைத்தே அவருக்கு முழங்கால் போய்விட்டதாம்."