மாவு மிஷினுக்கு ஒரு மேனுவல்

இந்த முறை என் பெண்டாட்டி ஷைனி என் பேச்சைக் கேட்டே தீருவாள் என்று முடிவு கட்டினேன். வாயால் சொன்னால்தானே கேட்கமாட்டாள்? அச்சடித்துக் கொடுத்தால்?

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில், சப்பாத்தி மாவு பிசையும் மிஷின் செய்கிற ஒரு புதுக் கம்பெனியில் நான் மேனுவல் எழுதுகிறவன். பத்து வருஷம் லேத்தில் நின்றவன். படித்து வாங்கிய நாற்காலி இல்லை. முதலாளி பார்த்திபனிடம் சண்டை போட்டு, பேரம் பேசி வாங்கியது. அவருக்கு வயது இருபத்தெட்டு. எனக்குக் கோபம் வந்தால் வயசெல்லாம் பார்க்கமாட்டேன்.

"மேனுவல் பிரிவுக்கு ஹெட் போட்டா என்னைத்தான் போடணும்" என்று மேசையைத் தட்டினேன்.

"போடலாம் தாவீதண்ணே. இந்த மிஷினையே பார்க்காத ஒருத்தர், உங்க வீட்டுக்காரம்மாவே ஆகட்டும், உங்க மேனுவலைப் படிச்சு மட்டுமே ஓட்டணும். நாளைக்கு நான் வீடியோ கால்ல பார்ப்பேன். ஓடுச்சுன்னா நீங்கதான் ஹெட்."

மிஷினுக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் என்ற ஷேர் ஆட்டோக்காரனிடம் கத்தி, ஒன்றரைக்கு முடித்து வீடு வந்தேன். வழியிலேயே திருட்டுப் புத்தி வந்துவிட்டது. முந்தின நாளே ஷைனிக்கு ஓட்டிக் காட்டிப் பழக்கிவிட்டால்?

"சும்மா செய்வனா? பட்டுப்பொடவ" என்றாள் ஷைனி.

"நைட்டி."

"காட்டன் பொடவையாச்சும்?"

"நைட்டிதான். அதுவும் ஒண்ணு."

"சரிய்யா, குடு."

பன்னிரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் இறங்கியதே இல்லை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். மீசையை அல்லவா முறுக்கினேன்!

மறுநாள் போனை அரிசி டப்பாமேல் சாய்த்தோம். திரையில் பார்த்திபன். மிஷினுக்கு முன்னால் ஷைனி, கையில் என் மேனுவல். அவள் சத்தமாக வாசித்தாள்.

"ஒண்ணு, மாவு போடவும். ரெண்டு, தண்ணி ஊத்தவும். மூணு, பிளக்கைச் சொருகவும். நாலு, சுவிட்சைப் போடவும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடி! மூடியை ஐந்தாவதாக எழுதியிருந்தேன். நேற்று ஓட்டிக் காட்டியபோது கை தானாக மூடிவிட்டது. எழுதியது ஞாபகமே இல்லை. போனுக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் மூடிக் காட்டினேன்.

"இன்னாய்யா, கைய ஆட்டிகினு கீற? புக்குல போட்டுக்கிறதத்தான் செய்யணும்னு தம்பி சொன்னாரே."

போட்டாள் சுவிட்சை. பிளக்கைப் பிடுங்க அவளுக்குப் பின்னால் இருந்த சுவருக்குப் பாய்ந்தேன்.

ஒரு கிலோ மாவு. பாதி சுவரில். பாதி என்மேல்.

"அண்ணே, நீங்க எங்க இருக்கீங்க?" என்றார் பார்த்திபன். சுவர் எது, நான் எது என்று அவருக்குத் தெரியவில்லை.

"தோ நிக்கிறாரு தம்பி. நேத்து எனக்கு ஓட்டிக் காட்டசொல்லோ மூடிய மூடித்தான் சுத்துனாரு. புக்குல அப்டி இல்லியே, இன்னா பண்றதுன்னு பாத்தேன்."

"நேத்தே ஓட்டிக் காட்டுனாரா?"

"அடியே!" என்று கத்தினேன். வாய் திறந்ததில் மீசை மாவு உள்ளே போனது.

"அப்பவே தெரிஞ்சிருக்கு. ஏன்க்கா அவர்கிட்ட சொல்லல?"

"நைட்டிக்கு எவ்ளோ தம்பி சொல்றது?"

பார்த்திபன் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்கா, பிளஸ் டூ முடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். ஹெட் நாற்காலி ஷைனிக்குப் போகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதுவரை வீட்டில் இனாமாக அடங்கிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.